ரத்தம் கம்மி என்றால்: சாப்பாடா, மாத்திரையா, டிரிப்ஸா?

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.5. "ரத்தம் கம்மியா இருக்கும்மா, கீரை, பேரீச்சம்பழம் நல்லா சாப்பிடு" என்று சொல்லி ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். அந்த மாத்திரை குமட்டுகிறது, வயிற்றைக் கட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. இப்படியெல்லாம் ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்தாவது நாள் மாத்திரை அலமாரிக்குப் போகிறது. இனி சாப்பாட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகிறது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் 8.3.

தமிழ்நாட்டில் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்தது. இரண்டு நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிடும் மருத்துவத்தின் மீது வரும் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நிறுத்தப்படுவது மாத்திரைதான். ரத்தம் ஏன் குறைந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. எந்த வழி யாருக்கு, எவ்வளவு நாளுக்கு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு

உடலில் எவ்வளவு இரும்பு குறைந்திருக்கிறது என்று மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு. உடல் எடையை, ஹீமோகுளோபின் எவ்வளவு ஏற வேண்டுமோ அந்த எண்ணால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 8.5-லிருந்து 12.5-க்கு ஏற வேண்டுமானால், 50 × 4 × 2.4 = 480; சேமிப்போடு 980. ஆக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு பாக்கி.

தினமும் உதிரும் செல்கள் வழியாக ஒரு மி.கி.க்குச் சற்றுக் குறைவாக இரும்பு வெளியேறுகிறது. ரத்தத்தில் ஒரு மில்லிக்கு அரை மி.கி. இரும்பு என்று கொள்ளலாம். மாதவிடாயில் 40 மில்லி போனால் 20 மி.கி.; அதை 28 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 0.7. சாதாரணமாக மாதவிடாய் வரும் பெண்ணுக்கே நாள் செலவு 1.6 மி.கி. அளவில் நிற்கிறது. அதிக ரத்தப்போக்கு இருந்தால் இரண்டைத் தாண்டும்.

இனி வரவு. இந்திய உணவு அட்டவணையின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்துக்கொண்டு, அக்கறையாகச் சமைக்கும் ஒரு சைவ வீட்டின் ஒருநாள் சாப்பாட்டை எடைபோடுவோம். ராகி 60 கிராம்: 2.8 மி.கி. கொண்டைக்கடலை 50 கிராம்: 3.4. கொள்ளு 30 கிராம்: 2.6. ஆய்ந்த முருங்கைக்கீரை 100 கிராம்: 4.5. கறுப்பு எள் 10 கிராம்: 1.4. துவரம்பருப்பு 40 கிராம்: 1.6. அரிசி 200 கிராம்: 1.3. இத்தனையும் ஒரே நாளில் சாப்பிட்டால் 17.6 மி.கி. பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 29 மி.கி. தானியமும் பயறும் கீரையுமான சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது நூற்றுக்கு எட்டு, பத்துதான் என்பதால்தான் அவ்வளவு அதிகமாக வைத்திருக்கிறார்கள். 17.6-ல் பத்து சதவீதம் என்றால் 1.8 மி.கி. வரவும் செலவும் சரியாகப் போய்விடுகிறது.

ரத்தம் குறைந்த உடல் இரும்பைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும் என்பது உண்மை. உறிஞ்சுதல் இருமடங்காகிறது என்றே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 2 மி.கி. மிச்சமாகும். 1000 மி.கி. பாக்கியைத் தீர்க்க 500 நாள். அந்த 500 நாளும் மேலே சொன்ன சாப்பாட்டை ஒருநாள்கூடத் தவறவிடக் கூடாது. அன்றாடச் செலவைத் தாங்க சாப்பாடு போதும். ஏறிக் கிடக்கும் கடனை அடைக்க மாத்திரை வேண்டும். சாப்பாட்டால் ஏறவில்லையே என்று வருந்துபவர்களின் சமையலில் குறை தேட வேண்டியதில்லை, அளவு அப்படி.

சாப்பாடு: எது உதவும், எது பெயருக்கு

பீட்ரூட்டும் மாதுளையும் நிறத்தால் பேர் வாங்கியவை. 100 கிராம் பீட்ரூட்டில் 0.8 மி.கி., மாதுளையில் 0.3 மி.கி.தான். உணவாக நல்லவை, ரத்த சோகைக்கு மருந்தாகாது. முருங்கை இலைப் பொடி ஒரு தேக்கரண்டி என்பது இரண்டு மூன்று கிராம். அதில் ஒரு மி.கி. இரும்புகூடத் தேறாது. ராகியில் இரும்பு இருந்தாலும் கால்சியமும், இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் சேர்ந்தே இருப்பதால் குடல் உறிஞ்சுவது கொஞ்சம். முளைகட்டி அரைத்த மாவாக இருந்தால் ஃபைட்டேட் குறையும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி சுலபம். கோழி ஈரல் 100 கிராமில் ஏறக்குறைய 10 மி.கி. இரும்பு உண்டு, அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் தசையிலும் உள்ள வகை என்பதால் 15 முதல் 35 சதவீதம் வரை உறிஞ்சப்படும். மீனோ கறியோ தட்டில் இருந்தால் அதே வேளையில் சாப்பிடும் கீரை, பயறின் இரும்பும் கூடுதலாக உள்ளே போகும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள ஏ வைட்டமின் அளவு அவர்களுக்கு அதிகம்.

கீரையை மாற்றுவதைவிடப் பலன் தரும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, வைட்டமின் சி. சுண்டலையும் கீரையையும் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் வீணாகும். பச்சை நெல்லிக்காய் ஒன்றோ அரைக் கொய்யாவோ சாப்பாட்டோடு இருந்தால் உறிஞ்சுதல் இரண்டு மூன்று மடங்கு ஏறும். இரண்டாவது, டீ. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ அந்த வேளையின் இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். டிபனுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் இட்லியோடு காப்பி, பதினொரு மணிக்கு டீ, மாலையில் சுண்டலோடு மறுபடி டீ என்று ஓடும் வீட்டில், எந்தக் கீரையும் எடுபடாது. முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

ரேஷன் அரிசியில் நிறம் மாறித் தெரியும் மணிகளை பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் செய்தவை. நூறு மணிக்கு ஒன்று என்று கலக்கப்பட்டவை. எறிய வேண்டாம். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பதும் கொஞ்சம் இரும்பைச் சேர்க்கும்.

மாத்திரை: ஏன் பலருக்கு வேலை செய்வதில்லை

முதல் குழப்பம் அட்டையில் உள்ள எண். ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்றால் அதில் இரும்பு 60, 65 மி.கி.தான். ஃபெரஸ் அஸ்கார்பேட் அட்டையில் போட்டிருக்கும் 100 மி.கி. பெரும்பாலும் இரும்பின் அளவையே குறிக்கும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் பெரியவர்களுக்கான மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பல மடங்கு விலையுள்ள தனியார் மாத்திரையைவிட இது மட்டமானது என்று எண்ணத் தேவையில்லை. குமட்டல் இதில் சற்று அதிகம் வரலாம், அவ்வளவுதான். குடலில் தாமதமாகக் கரையும் உறை போட்ட காப்ஸ்யூல்கள் வயிற்றைப் படுத்தாது, ஆனால் இரும்பு உறிஞ்சப்படும் முன்குடலைத் தாண்டிய பிறகே கரைவதால் பலனும் குறையும். டானிக் வாங்கினால், ஒரு மூடியில் இரும்பு எத்தனை மி.கி. என்று லேபிளில் பாருங்கள். பலவற்றில் மிகக் குறைவு.

வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுவது சிறந்தது. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போடலாம். உறிஞ்சுதல் குறையும், ஆனால் அடியோடு நிறுத்துவதைவிட அது எவ்வளவோ மேல். பால், டீ, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து இவற்றோடு சேர்த்துப் போட்டால் பாதி வீண். கர்ப்பிணிகளுக்குக் கால்சியத்தையும் இரும்பையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

தினமும் போட முடியாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறை இருக்கிறது. இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சுமார் ஒரு நாளுக்குக் குடலின் கதவை அடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் இரும்பு இருப்பு குறைந்த பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 60 மி.கி. மாத்திரையைத் தினமும் போட்டவர்களுக்கு 16 சதவீதமும், ஒருநாள் விட்டுப் போட்டவர்களுக்கு 22 சதவீதமும் உறிஞ்சப்பட்டது. கணக்குப் பார்த்தால் தினமும் போடும்போது நாளுக்கு 10 மி.கி. அளவில் சேரும், பாக்கி 100 நாளில் தீரும். ஒருநாள் விட்டு என்றால் சராசரி 6.5 மி.கி., ஐந்து மாதம். மாதம் கூடினாலும் வயிறு தாங்கும் முறையே கடைசிவரை போய்ச் சேரும். ஒரே நாளில் இரண்டு, மூன்று வேளை போடச் சொல்லும் சீட்டு வந்தால், இதைச் சொல்லி ஒரு வேளையாக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக முறையை மாற்றக் கூடாது. அவர்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் என்பது அரசு முறை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டப் பெட்டகத்தில் வரும் டானிக்கும் பேரீச்சையும் மாத்திரைக்கு ஈடாகாது.

மலம் கறுப்பாவது உறிஞ்சப்படாத இரும்பால், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை தொடங்கும் முன்பே தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போயிருந்தால் அது குடலில் ரத்தக் கசிவு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிகப் பெரிய தவறு கடைசியில் நடக்கிறது. இரண்டு மாதத்தில் எண் 11.8 என்று வந்ததும் மாத்திரை நிற்கிறது. அந்த நேரத்தில் ரத்தம் நிறைந்திருக்கும், சேமிப்பு காலியாக இருக்கும். ஆறே மாதத்தில் மறுபடி 9. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். மீந்த மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறு குழந்தை சில மாத்திரைகளை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

சித்த மருந்தைக் கேட்பவர்களுக்கு: அன்னபேதி என்பதே இரும்பு சல்பேட்தான், அதைப் புடம்போட்டதே அன்னபேதி செந்தூரம். இரும்பை இரும்பால் நிரப்பும் வழி அங்கேயும் அதேதான். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் வாங்குங்கள், ஆங்கில மாத்திரையோடு சேர்த்து இரட்டிப்பாக்காதீர்கள், நான்கு வாரத்தில் அதே ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

டிரிப்ஸில் ஏற்றும் இரும்பு

மாத்திரையைத் தாங்கவே முடியாதவர்கள், போட்டும் ஏறாதவர்கள், பிரசவம் நெருங்கிவிட்டவர்கள், இழப்பு வரவை மிஞ்சும் அளவு ரத்தப்போக்கு உள்ளவர்கள், இவர்களுக்கு இது கடைசி வழி என்று நினைக்கக் கூடாது. சரியான வழியே இதுதான். அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்து ஒரு தடவைக்கு 200 மி.கி. ஏற்றப்படும், 1000 மி.கி.க்கு ஐந்து முறை போக வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இன்னொரு மருந்து ஒரே உட்காரலில் 1000 மி.கி. வரை ஏறும், கால் மணி நேர வேலை. தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாள் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஐந்து நாள் சம்பளமும் பஸ் செலவும் சேர்த்துப் பார்த்தால் எது மலிவு என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இதைக் கொடுப்பதில்லை. ஏற்றும்போது ஊசி குத்திய இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸிடம் சொல்லி நிறுத்த வேண்டும். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை வருடக்கணக்கில் நிற்கும். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அரிதாக ஒவ்வாமை வரும், அதைச் சமாளிக்கும் வசதி உள்ள இடத்தில்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை ஏற்றுவதற்கு முன் செய்யுங்கள். ஏற்றிய ஒரு மாதத்துக்குள் செய்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

ரத்தம் ஏற்றுவது வேறு விஷயம். ஒரு பாட்டில் ரத்தம் ஹீமோகுளோபினை ஏறத்தாழ ஒன்று உயர்த்தும். அதிலுள்ள இரும்பு 200, 250 மி.கி. மூச்சு வாங்கும் அளவுக்குக் குறைந்தவர்களுக்கும், ரத்தப்போக்கு நிற்காதவர்களுக்கும், மிகக் குறைந்த அளவோடு பிரசவத்துக்கு வருபவர்களுக்கும் அது உயிர் காக்கும். மற்றவர்களுக்கு இரண்டு பாட்டில் ஏற்றினாலும் பாதிக் கடன் அப்படியேதான் இருக்கும்.

இரண்டு நிமிடத்தில் கேட்டு வாங்க வேண்டியது

ஓ.பி. வரிசையில் கிடைக்கும் நேரம் கூடப்போவதில்லை. அதற்குள் விஷயத்தை நடத்த, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது உதவும்: கடைசி மூன்று மாதவிடாய் தேதிகள், எத்தனை நாள் போனது, நாளுக்கு எத்தனை நாப்கின், கட்டி விழுந்ததா, போட்ட மாத்திரையின் பெயரும் நாட்களும், பழைய ரிப்போர்ட் எண்கள் தேதியோடு. அரிசி, பல்பம், மண், ஐஸ் தின்னும் ஆசை இருந்தால் வெட்கப்படாமல் அதையும் எழுதுங்கள். அது இரும்புக் குறைவின் அடையாளம். ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, முதல் சிகிச்சை கர்ப்பப்பைக்குத்தான். ஸ்கேன் எடுக்காமல் இரும்பை மட்டும் ஊற்றினால் ஓட்டைக் குடத்தில் ஊற்றியதுதான்.

கையில் இருக்கும் சி.பி.சி. (முழு ரத்த அணுப் பரிசோதனை) ரிப்போர்ட்டிலேயே இன்னொரு தகவல் சும்மா கிடக்கிறது. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) என்ற எண்ணை ஆர்.பி.சி. (சிவப்பணுக்களின் எண்ணிக்கை) எண்ணால் வகுங்கள். எம்.சி.வி. 68, ஆர்.பி.சி. 3.9 என்றால் 17 வரும். இரும்புக் குறைவாக இருக்கலாம். எம்.சி.வி. 62, ஆர்.பி.சி. 5.6 என்றால் 11. 13-க்குக் கீழே வந்தால், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற பரிசோதனையைக் கேட்க வேண்டும். அந்தக் கூறு உள்ளவர்கள் வருடக்கணக்கில் தேவையில்லாமல் இரும்பு மாத்திரை விழுங்குவதுண்டு. கணவன் மனைவி இருவருக்கும் பீட்டா தலசீமியா கூறு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் தீவிர நோய் வரும் என்பதால், கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எம்.சி.வி. 100-க்கு மேல் போனால் பி12, ஃபோலேட் பக்கம் பாருங்கள். சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் போடுபவர்களுக்கும் இது அடிக்கடி.

ஃபெரிட்டின் பரிசோதனைக்குத் தனியார் லேபில் சில நூறு ரூபாய் ஆகும். 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி என்பது உறுதி. 30-க்குக் கீழேயே பல மருத்துவர்கள் குறைவாகக் கொள்வார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் அது ஏறிக் காட்டும்.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு வந்தால் உணவு மாற்றத்தில் நாள் கடத்தவே கூடாது. மூலம், புண், வலி மாத்திரையால் வரும் கசிவு, குடல் புற்றுநோய் என்று ரத்தம் போகும் இடத்தைத் தேட வேண்டும். எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். வெறுங்காலோடு வயலில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு இன்னொரு காரணம். அதற்கான புழு மருந்து அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே மாத்திரை.

எண்ணை வைத்து முடிவு

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே ரத்த சோகை. 11-க்கு மேல், மாதவிடாய் அளவாக இருந்தால், டீயைத் தள்ளிவைத்து, எலுமிச்சையும் பயறும் ஈரலும் சேர்த்து மூன்று மாதம் சாப்பாட்டில் முயல்வதில் தவறில்லை. அப்போதும் ஃபெரிட்டின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 8-க்கும் 11-க்கும் நடுவில் மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே போக வேண்டும். 8-க்குக் கீழே டிரிப்ஸ் வேண்டுமா என்று பேச வேண்டும், காரணம் தேடுவதையும் அன்றே தொடங்க வேண்டும். கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்வதுதான்.

மாத்திரை தொடங்கும் நாளிலேயே, நான்கு வாரம் தள்ளி வரும் தேதியை அட்டையின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். அன்று அதே லேபில், கை நரம்பில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். விரலில் குத்திப் பிழிந்து எடுக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் ஏறியதா இறங்கியதா என்றே புரியாது. ஒன்று அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் வழி சரி, தொடருங்கள். ஒழுங்காகப் போட்டும் ஒன்றுகூட ஏறவில்லை என்றால் மாத்திரையின் கம்பெனியை மாற்றி இன்னொரு மாதத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நாலு வாரம் விடாம போட்டேன், ஏறல, ரத்தம் எங்க போகுது டாக்டர்?" என்று கேளுங்கள்.